பார்கோடில் தப்பிய பிழை: கல்லூரிக் கணித–ஊடகத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெல்டா மாவட்டம் ஒன்றில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரியில், 2023-24 கல்வியாண்டில் நடந்தது இது. பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை படிப்பவர்களும், விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் காட்சித் தொடர்பியல் இளங்கலை மாணவர்களும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கணக்கைப் பற்றித் தமிழில் குறுங்காணொளிகள் எடுப்பது, அவற்றைச் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு நேரில் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டி ஏதாவது செய்முறை நடத்துவது என்பது திட்டம். பள்ளிக்குப் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதமும் கைக்கு வந்தது. நான் இரு துறைகளுக்கும் நடுவில் நின்று ஒருங்கிணைப்பு வேலை பார்த்தவன். விஸ்காம் பக்கத்து ஆள்.

மாணவர்களுக்கு இது விரிவாக்கப் பணி. மதிப்பெண்ணோடு சேராவிட்டாலும் கிரெடிட் உண்டு. கல்லூரிக்கோ இது தர மதிப்பீட்டுக்குக் காட்ட வேண்டிய ஆவணம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு அனுப்பும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இடமும் நேரமும் பதிந்த ஜியோ டேக் போட்டோ கேட்கிறார்கள். அதனால் எங்கள் பக்கக் கல்லூரிகளில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் நான்கைந்து கைபேசிகள் உயர்ந்தே இருக்கும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வேலைப் பிரிவினையைத் தொடக்கத்தில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. கணிதக்காரர்கள் பொருளை எழுதித் தருவார்கள், விஸ்காம் பிள்ளைகள் அதைப் படமாக்குவார்கள் என்ற அளவில்தான் பேச்சு. கடைசியாகப் பார்த்து ‘சரி, ஏற்றலாம்’ என்று சொல்பவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. நடைமுறையில், யாருடைய மடிக்கணினியில் எடிட் நடக்கிறதோ அவரே அதைச் சொன்னார்.

முதல் சில வாரங்கள்

முதலில் எடுத்தது கோலம். புள்ளிக்கோலத்தை விதிகளாக எழுத முடியும் என்பதை 1970களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். வடிவங்களை உருவாக்கும் இலக்கணங்களைப் பற்றிய கணினியியல் ஆய்வில் அந்த வேலைக்கு இன்றும் இடமுண்டு. இதை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல முயன்றார்கள். அழகாக வந்தது, பார்வைகளும் வந்தன. பள்ளியில் போட்டபோது பிள்ளைகள் ரசித்தார்கள். முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேட்டால், ‘கோலத்துல மேத்ஸ் இருக்கு’ என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை.

அசைவூட்டத்துக்கு மேனிம் என்ற பைத்தான் நிரலகத்தைப் பயன்படுத்தினார்கள். கிராண்ட் சாண்டர்சன் தன் கணிதக் காணொளிகளுக்காக எழுதத் தொடங்கி, இன்று தன்னார்வலர்கள் குழுவொன்று தனியாகவும் வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. தமிழில் அது கொடுத்த தொல்லை தனிக்கதை. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும்படி செய்தால் ‘கொ’ என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு வரும், அப்புறம் ‘க’, அதற்கப்புறம் கால். ‘கோணம்’ என்ற சொல் திரையில் உருவாவதைப் பார்த்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘அண்ணா, ஸ்பெல்லிங் தப்பு’ என்றான். கடைசியில் சொல் முழுவதையும் ஒரே பொருளாக மெல்லத் தெளியவிட்டார்கள். எடிட் மென்பொருளிலும் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றும்வரை கொம்புகள் தனியே தொங்கிக்கொண்டிருந்தன.

இன்னொரு கட்டுப்பாடு நேரம். யூடியூப் ஷார்ட்ஸுக்கு அப்போது 60 வினாடிதான் எல்லை. 3 நிமிடமாக்கியது 2024 அக்டோபரில். அறுபதில் முதல் மூன்று, நான்கு வினாடிகள் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் ஹூக் வரிக்குப் போய்விடும். எங்கள் பிள்ளைகள் பார்வையாளர் எந்த வினாடியில் விலகுகிறார் என்ற வரைபடத்தை ஒவ்வொரு காணொளிக்கும் திறந்துவைத்துப் பார்த்தார்கள். ‘ஆனால்’, ‘இருந்தாலும்’, ‘இந்த ஒரு நிலையைத் தவிர’ என்று தொடங்கும் இடங்களில் கோடு சரிவது அவர்கள் கண்ணில் பட்டது. அடுத்தடுத்த ஸ்கிரிப்டுகளில் அந்த வகை வாக்கியங்கள் குறைந்துகொண்டே போயின. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல அது. வெட்டிவெட்டி அப்படி ஆயிற்று. கணிதத்தில் பாதி விஷயம் இந்த ‘தவிர’வுக்குள்தான் இருக்கிறது என்பதால் இதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஆகஸ்ட்: ஆதார் எண்

அடுத்த தலைப்பை முன்மொழிந்தது கணிதத் துறை மாணவர் ஒருவர். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். கணக்கிடும் முறை டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்டது. ஐங்கோணம் ஒன்றைச் சுழற்றியும் புரட்டியும் வைக்கக்கூடிய பத்து நிலைகளின் குலம், அதாவது கணிதத்தில் ‘குரூப்’ எனப்படும் அமைப்புதான் அதற்கு அடிப்படை. அந்தக் குலத்தில் அ-வுக்குப் பின் ஆ என்பதும், ஆ-வுக்குப் பின் அ என்பதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடை மாறலாம். இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் அந்த முறை, ஓர் இலக்கம் தவறினாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் ஒன்றுவிடாமல் கண்டுபிடிக்கிறது. மனிதர்கள் எண்களை எழுதும்போது அதிகம் செய்யும் பிழைகள் இந்த இரண்டும்தான். வகுப்பில் படித்த குரூப் தியரி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது என்ற எண்ணமே மாணவர்களைத் துள்ள வைத்தது. நியாயம்தான்.

ரீல் தயாரானதும், செய்முறைக்காக இரண்டு அட்டவணைகளை அச்சடித்துக்கொண்டு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியை கேட்டு வாங்கித் தந்திருந்தார். காணொளி முடிந்து, ‘உங்க வீட்டு ஆதார் எண் சரியான்னு நீங்களே பாக்கலாம்’ என்று கல்லூரி மாணவி அட்டவணைகளைக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்த வாரம் உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பள்ளியில் ஆதார் நகல் கேட்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பாதிப் பிள்ளைகளின் பையில் நகல் இருந்தது.

அடுத்த சில நிமிடங்களில் கரும்பலகையில் மூன்று ஆதார் எண்கள் முழுமையாக எழுதப்பட்டிருந்தன. ஒன்று ஒரு பையனின் அப்பாவுடையது. எண்ணுக்கு அடியில் அம்புக்குறி போட்டு அட்டவணையிலிருந்து இலக்கங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பே எழுந்து நின்று ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை போன பள்ளிகளில் இவ்வளவு ஈடுபாட்டை நாங்கள் பார்த்ததில்லை. விஸ்காம் மாணவர் ஒருவர் அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஜியோ டேக் போட்டோ எடுத்தார். மூன்றாமவர் ஒரு துண்டு வீடியோவைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டிருந்தார்.

பார்த்ததும் பிடித்துக்கொண்டவர் அந்தக் கணக்கு ஆசிரியைதான். ‘தம்பி, மொதல்ல போர்டை அழிங்க. அப்புறம் போனைக் குடுங்க’ என்றார்.

உடனே எடுத்த முடிவுகள்

பலகை அழிக்கப்பட்டது. நகல்கள் பைக்குள் போயின. கேமரா அட்டையிலும் கைபேசிகளிலும் இருந்த அன்றைய பதிவுகள் எல்லாவற்றையும், எண் தெரிபவை எவை தெரியாதவை எவை என்று பிரித்துப் பார்க்காமல், மொத்தமாக நீக்குவது என்று அங்கேயே முடிவு செய்தோம். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதுவே இன்னொரு முறை அந்த எண்களைப் படிப்பதாகும். இரண்டு கைபேசிகளில் படங்கள் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறியிருந்தன. அங்கே நீக்கினால் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும் என்பதால் அதையும் திறந்து காலி செய்தார்கள். ஸ்டேட்டஸ் நீக்கப்பட்டது, அதற்குள் சிலர் பார்த்திருந்தார்கள்.

பெற்றோரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. எல்லாம் நீக்கியாகிவிட்டது, சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள், அடுத்த முறை பள்ளிக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். ஆதார் சட்டம், 2016 ஒருவரின் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதையோ காட்சிப்படுத்துவதையோ அனுமதிப்பதில்லை, ஸ்டேட்டஸை எத்தனை பேர் படமெடுத்து வைத்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது, அது அவர்களுடைய எண், தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை என்பது மறுபக்கம். தலைமை ஆசிரியர் இரண்டாவது பக்கம் நின்றார். மூன்று வீட்டாருக்கும் வகுப்பாசிரியர் மூலம் சொல்லப்பட்டது. நடந்ததை எழுதி, துறைத்தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதம் பள்ளிக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு தந்தை மட்டும் வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார்.

ஆதாரை வைத்தே தொடரலாமா என்றும் யோசித்தார்கள். ஆதார் எண் 0 அல்லது 1இல் தொடங்குவதில்லை. ஆகவே அப்படித் தொடங்கும் பொய் எண்ணை எடுத்தால் அது யாருடையதாகவும் இருக்காது. யோசனை சரியானதுதான். இருந்தும் கைவிட்டோம். சரிபார்க்கும் முறையைக் கற்றுக்கொண்ட பிள்ளை முதலில் தன் வீட்டு எண்ணைத்தான் சோதித்துப் பார்க்கும். நாம் கொடுக்கும் பொய் எண் அந்த ஆசையை அடக்காது. பார்ப்பவர் எந்த எண்ணைக் கையில் எடுத்தாலும் யாருக்கும் கெடுதல் வராத பொருளாக இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட் அப்படிப்பட்டது. இந்த முடிவு இன்றும் சரியென்றே படுகிறது. சிக்கல், அதை நிறைவேற்றிய விதத்தில் வந்தது.

பார்கோடு ரீல்

பார்கோடுக்கு அடியில் பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். இடமிருந்து ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் பத்தின் மடங்காக வர வேண்டும். அப்படி வரும்படி கடைசி இலக்கத்தை வைக்கிறார்கள். அட்டவணை வேண்டாம், குலம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட போட்டுவிடும். வகுத்தால் வரும் மீதியை வைத்துக் கணக்கிடும், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் மட்டு எண்கணிதத்துக்கும் நேரான வழி.

‘890இல் தொடங்கினால் இந்தியாவில் செய்தது’ என்று வாட்ஸப்பில் சுற்றும் தகவலை மாணவர்கள் ரீலில் சேர்க்கவில்லை. நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்கியது என்பதைத்தான் அந்த மூன்று இலக்கங்கள் சொல்கின்றன. பொருள் எங்கே தயாரானது என்பதை அல்ல. இதில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், வேறோர் இடத்தில் விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித நாள். அன்று ரீல் வெளிவர வேண்டும் என்பதால் ஆதாருக்கு எழுதிய ஸ்கிரிப்டையே எடுத்து, ஆதார் என்ற இடங்களில் பார்கோடு என்று மாற்றி, கணக்கிடும் பகுதியை மட்டும் புதிதாக எழுதினார்கள். முடிவு வரி அப்படியே நின்றது: ‘ஒரு நம்பர் தப்பானாலும் புடிச்சிடும், பக்கத்து நம்பர் இடம் மாறினாலும் புடிச்சிடும்.’ வெர்ஹூஃப் முறைக்கு இது முழு உண்மை. பார்கோடு முறைக்கு முதல் பாதி மட்டுமே உண்மை.

சோதிக்காமல் ஏற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் பெயரும் வரக்கூடாது என்று 8901234567890 என்ற எண்ணை மாதிரியாக எடுத்திருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 130, சரியாக அமைகிறது. கணித மாணவர் இருவர் அதில் பக்கத்து இலக்கங்களை 12 இடங்களிலும் ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்தார்கள். 12இலும் பிழை பிடிபட்டது. ‘சரி’ என்றார்கள். ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு அதிகம் பேர் பார்த்தது இந்த ரீலைத்தான். பள்ளி வாட்ஸப் குழுக்களில் ஆசிரியர்களே அதைப் பகிர்ந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நடந்தது

பொங்கல் விடுமுறை முடிந்து, ஆகஸ்டில் போன அதே பள்ளிக்குப் போனார்கள். தலைமை ஆசிரியர் மறுபடி அனுமதித்தார். கேமரா ஒன்று மட்டும், அதுவும் பிள்ளைகளின் கைகளையும் மேசையையும் தவிர வேறெதையும் நோக்காமல், என்ற நிபந்தனையோடு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். வீட்டிலிருந்து காலி பாக்கெட் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் சோப்பு உறை, டீத்தூள் பை, பேனா அட்டை என்று மேசை நிறைந்திருந்தது.

தொடக்கத்தில் ஒரு பையன் கேட்டான்: ‘ஏண்ணா மூணால பெருக்கணும்? ரெண்டால பெருக்கினா என்ன?’ நல்ல கேள்வி. இரண்டால் பெருக்கினால், 1 என்பதை ஐந்து கூடுதலாக 6 என்று தவறாக எழுதும்போது மொத்தம் பத்து கூடும். பத்தின் மடங்கு பத்தின் மடங்காகவே இருந்துவிடும், பிழை தெரியாது. மூன்றுக்கும் பத்துக்கும் பொதுக்காரணி இல்லாததால் அந்தச் சிக்கல் வராது. கல்லூரி மாணவர் இதைப் பலகையில் விளக்கினார், பிள்ளைகளுக்கும் புரிந்தது. பின்னால் வரப்போகும் விஷயமும் இதே ஐந்தில்தான் இருந்தது. அப்போது யாருக்கும் பொறிதட்டவில்லை.

அடுத்து, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கை தூக்கினாள்.

‘அக்கா, நான் மாத்திப் போட்டுக் குடுத்தேன். இவ சரின்னுதான் வருதுங்கிறா.’

கல்லூரி மாணவி, கூட்டலில் பிழை இருக்கும் என்று நினைத்துத் தானே போட்டுப் பார்த்தார். சரியென்றே வந்தது. பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து போட்டார்கள். மறுபடியும் பத்தின் மடங்கு. அந்த டீத்தூள் பையின் எண்ணில் 2, 7 என்று அடுத்தடுத்து இருந்தன. 2ஐ ஒன்றாலும் 7ஐ மூன்றாலும் பெருக்கினால் 23. இடம் மாற்றினால் 7உம் 6உம், 13. வித்தியாசம் சரியாகப் பத்து. காணொளி ‘புடிச்சிடும்’ என்று சொன்ன பிழை, பிடிபடாமல் கண்முன் நின்றது.

கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘இதை அப்புறம் சொல்றோம்’ என்று கடந்துபோயிருக்கலாம். கணக்கு ஆசிரியை, ‘வேற யாருக்காவது இப்படி வருதா பாருங்க’ என்று வகுப்பைத் திருப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் அன்றைய வகுப்பைக் காப்பாற்றியது. கால்மணி நேரத்தில் இன்னும் பலர் தங்கள் பாக்கெட்டில் அப்படிப்பட்ட ஜோடிகளைக் கண்டுபிடித்தார்கள்: 1உம் 6உம், 0உம் 5உம், 8உம் 3உம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பலகையில் ஐந்து ஜோடிகளையும் வரிசையாக எழுதி, ‘எல்லாத்துக்கும் நடுவுல அஞ்சு’ என்றான். இடம் மாற்றும்போது மொத்தம் மாறுவது இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல் இருமடங்கு. வித்தியாசம் ஐந்தானால் மாற்றம் பத்து. அல்ஜீப்ராவாக எழுதிக் காட்டியது கல்லூரி மாணவிதான் என்றாலும், முடிவுக்கு வந்தது வகுப்பு.

கல்லூரிக்குத் திரும்பியதும் கணித மாணவர்கள் முதலில் போட்டுப் பார்த்தது, இது எவ்வளவு அரிதான விஷயம் என்பதை. வெவ்வேறான இரண்டு இலக்கங்களை வரிசையாக எழுத 90 வழிகள். அவற்றில் வித்தியாசம் ஐந்தாக இருப்பவை 10. ஆக, இடமாற்றப் பிழைகளில் ஒன்பதில் ஒன்று தப்பிவிடும். 890இல் தொடங்கும் குறியில் மற்ற இலக்கங்கள் தற்செயலாக அமைந்தவை என்று வைத்துக்கொண்டால், பார்க்க வேண்டிய அடுத்தடுத்த ஜோடிகள் பத்து. ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஐந்தாக இல்லாமலிருக்க வாய்ப்பு பத்தில் ஒன்பது. பத்தும் அப்படித் தப்பிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு. அதாவது மூன்று பாக்கெட்டில் இரண்டில் இப்படி ஒரு ஜோடியாவது இருக்கும். பிள்ளைகள் கையில் பாக்கெட்டைக் கொடுத்தால் யாராவது ஒருவர் இதில் முட்டிக்கொள்வது உறுதி என்றே சொல்லலாம்.

அப்படியானால் சோதனையில் ஏன் சிக்கவில்லை? 8901234567890ஐ மறுபடி பாருங்கள். அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒன்று. 9க்குப் பின் 0 வரும் இரண்டு இடங்களில் மட்டும் ஒன்பது. ஐந்து எங்குமே இல்லை. நினைவில் நிற்கும், பார்வைக்கு ஒழுங்கான எண் என்று தேர்ந்தெடுத்ததுதான் பிழையை மறைத்த திரை.

ரீலை என்ன செய்வது

விவாதம் இரண்டு நாள் நடந்தது. நீக்கக்கூடாது என்றார்கள் விஸ்காம் மாணவர்கள் பெரும்பாலோர்: சேனலுக்கு ஆள் சேர்த்ததே அந்த ரீல்தான், கருத்துப் பகுதியின் உச்சியில் நிறுத்திவைக்கும் கருத்திலும் விவரப் பகுதியிலும் திருத்தம் போட்டால் போதாதா? கணித மாணவர்களுக்கு அது ஒப்பவில்லை. யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்றிய காணொளிக்குப் பதில் வேறொன்றை அதே சுட்டியில் வைக்க வழியில்லை. குறுங்காணொளியைப் பார்ப்பவர் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். கருத்துப் பகுதியைத் திறப்பவர் மிகச் சிலர். அதை எங்கள் பிள்ளைகளே தங்கள் வரைபடங்களிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இது விஸ்காம் தரப்பின் வாதத்தையே பலவீனமாக்கியது என்றாலும் மறைக்காமல் வைத்தார்கள்.

எடுத்த முடிவு இது. திருத்திய காணொளி தயாராகும்வரை பழையதன் தலைப்பிலேயே ‘இதில் ஒரு பிழை உள்ளது’ என்று சேர்ப்பது. புதியது ஏறிய அன்று பழையதைத் தனிப்பட்டதாக மாற்றுவது. போன எல்லாப் பள்ளிகளின் வாட்ஸப் குழுக்களுக்கும் ஐந்து ஜோடிகளோடு ஒரு திருத்தக் குறிப்பை எழுத்திலேயே அனுப்புவது. முன்னரே பகிரப்பட்டுக் கைபேசிகளில் இறங்கிவிட்ட பிரதிகளை யாரும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் திருத்தம் காணொளியாக மட்டும் இல்லாமல், சுலபமாக அடுத்தவருக்கு அனுப்பக்கூடிய நான்கு வரியாகவும் போக வேண்டும் என்று வலியுறுத்தினோம்.

புதிய காணொளிக்கு 60 வினாடி எல்லை வேண்டாம் என்று ஷார்ட்ஸை விட்டு வழக்கமான கிடைவடிவக் காணொளியாகவே எடுத்தார்கள். மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்குவது என்று திட்டம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லும் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் நிறைவேறியிருந்தது. விதிகள் அப்போது வந்திருக்கவில்லை. அது வரட்டும் என்று காத்திராமல், தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் எழுதி மாணவியின் அம்மாவிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் குரலுக்குச் சம்மதித்தார், முகம் வேண்டாம் என்றார். காணொளியில் டீத்தூள் பையும் பென்சில் பிடித்த கையும் குரலும் மட்டும் இருக்கின்றன.

பின்னர் நடந்தவை

புதிய காணொளியைப் பார்த்தவர்கள் பழையதைப் பார்த்தவர்களில் ஒரு சிறு பங்குதான். சேனலைப் பொறுத்தவரை இது இழப்பு, அதை வேறு விதமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் பார்த்தவர்களில் கடைசிவரை நின்றவர்கள் அதிகம். கருத்துப் பகுதியில் முதல் முறையாகக் கணக்குக் கேள்விகள் வந்தன. கடன் அட்டை எண்ணிலும் இப்படி ஓட்டை உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் பயன்படும் லூன் முறையில் தப்புவது ஒரே ஒரு ஜோடி, 0உம் 9உம். பதிலைக் கணித மாணவர்கள் எழுதினார்கள். கூடவே, உங்கள் அட்டை எண்ணை இங்கே போட்டுக் காட்டாதீர்கள் என்றும்.

பள்ளியில் கணக்கு ஆசிரியை மட்டு எண்கணிதப் பாடத்தை அந்தப் பலகைக் கணக்கிலிருந்தே நடத்தினார். ஐந்து ஜோடிப் பட்டியல் வகுப்புச் சுவரில் சார்ட்டாக ஒட்டப்பட்டது. வேறு இரண்டு பள்ளிகளில் திருத்தக் குறிப்பு குழுவுக்குப் போனதோடு சரி. யாரும் அதை வகுப்பில் பேசவில்லை என்று பிறகு கேட்டறிந்தோம். நேரில் போகாத இடத்தில் எழுத்துத் திருத்தத்துக்கு இருக்கும் பலம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

கல்லூரிக்குள் ஓர் எதிர்பாராத உரசல். ஆகஸ்ட் நிகழ்ச்சியின் படங்கள் எல்லாம் நீக்கப்பட்டதால் ஆண்டறிக்கையில் அந்தப் பள்ளிக்குப் போனதற்கு ஜியோ டேக் போட்டோ இல்லை. நிகழ்ச்சியைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அலுவலகம் சொன்னது. தலைமை ஆசிரியரின் கடிதத்தை வைத்து ஒருவழியாக ஏற்றுக்கொள்ள வைத்தோம்.

இனி மாற்றுவது

படம் பிடிப்பதையும் பாடம் நடத்துவதையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை என்பது இப்போது விதி. ஆவணத்துக்கான போட்டோ வகுப்பு தொடங்குவதற்கு முன், வெறும் பலகையோடு, பிள்ளைகள் இல்லாமல் எடுக்கப்படும். மற்றதெல்லாம் ஒப்புதல் படிவத்துக்குப் பிறகு. வகுப்புக்கு முந்தைய நாளே ஆசிரியரிடம் ‘இந்த வாரம் பிள்ளைகள் பையில் என்னென்ன இருக்கும்’ என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆகஸ்டில் கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

ஸ்கிரிப்டுக்குக் கடைசி ஒப்புதல் கணிதத் துறைக்கு, காட்சிக்கு விஸ்காமுக்கு என்று பிரித்தாயிற்று. ஆனால் என் கணிப்பில் இதைவிட முக்கியமானது சோதிக்கும் முறை. சொல்வது உண்மை என்று காட்ட அழகான எடுத்துக்காட்டைத் தேடுவதை விட்டு, சொல்வதைப் பொய்யாக்கும் எண் உண்டா என்று தேட வேண்டும். இப்போது ஒவ்வொரு கூற்றுக்கும் சிறு நிரல் எழுதி, பல்லாயிரம் எண்களை அதில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பார்கோடு விஷயத்தில் அப்படி நிரல் எழுதியிருந்தால், இரண்டு நிமிட வேலை. ஏற்றுவதற்கு முன் ஒரு பள்ளி வகுப்பில் போட்டு, பிள்ளைகளிடம் அதை உடைக்கச் சொல்வதும் சேர்ந்திருக்கிறது. ‘தவிர’ வாக்கியங்களை வெட்டக்கூடாது என்று விதி போட முயன்றோம், நடைமுறையில் நிற்கவில்லை. அறுபது வினாடிக்குள் அடங்காத கூற்றை ரீலாக எடுப்பதில்லை என்ற அளவில் இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லை மூன்று நிமிடமான பிறகு அந்த நெருக்கடியும் கொஞ்சம் தளர்ந்தது.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. சேனலைத் தொடங்கியது அப்போது இறுதியாண்டில் இருந்த மாணவர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில், உள்நுழைய ஓ.டி.பி. அவருடைய கைபேசிக்குத்தான் போகும். அவர் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். திருத்தம் போட வேண்டியிருந்த அந்த நாட்களில் அவர் இங்கே இருந்ததால் சமாளித்தோம். சேனலின் கணக்கைத் துறையின் மின்னஞ்சலுக்கு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. அவர் அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.